அடங்காத அழற்சி: கிருமி செய்வது எவ்வளவு, உடம்பே செய்வது எவ்வளவு?

2006 மார்ச் 13 அன்று லண்டனில் ஒரு மருந்துப் பரிசோதனை நடந்தது. கலந்துகொண்ட எட்டு ஆண்களுக்கும் எந்த நோயும் கிடையாது. ஆரோக்கியமாக இருப்பதுதான் அதில் சேரவே தகுதி. டி.ஜி.என். 1412 என்ற மருந்து அன்றுதான் முதன்முதலாக மனித உடலுக்குள் போனது. இரண்டு பேருக்கு மருந்தில்லாத திரவம், மற்ற ஆறு பேருக்கு உண்மையான மருந்து. ஒருவருக்குச் செலுத்திய பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு என்று வரிசையாகச் செலுத்திக்கொண்டே போனார்கள். விலங்குகள் தாங்கிய அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள் என்பதால் யாருக்கும் பெரிய பயம் இல்லை.

ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, இடுப்பு வலி, குமட்டல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். ரத்த அழுத்தம் சரிந்தது, நாடி ஓடத் தொடங்கியது. அன்று இரவு முடிவதற்குள் ஆறு பேரும் கவலைக்கிடம். நுரையீரலில் நீர் கோத்தது, சிறுநீரகங்கள் நின்றன, ரத்தம் நாளங்களுக்குள்ளேயே உறைந்தது. டயாலிசிஸ், ஆக்சிஜன், அதிக அளவு ஸ்டீராய்டு என்று போராடி எல்லோரையும் உயிரோடு மீட்டார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர் கால் விரல்களையும் கை விரல் நுனிகளையும் இழந்தார்.

விவரம் தெரியாத மருத்துவர் யாராவது அந்த வார்டுக்குள் வந்திருந்தால், ரத்தத்தில் கடுமையான பாக்டீரியா தொற்று என்றே சொல்லியிருப்பார். ஆனால் கிருமி எதுவும் அங்கே இல்லை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் மேல் சி.டி.28 என்று ஒரு புரதம் இருக்கிறது. சாதாரணமாக டி செல் முழுவேகத்தில் கிளம்ப இரண்டு சைகைகள் சேர்ந்து வர வேண்டும். இது அதில் ஒன்று. புதிய மருந்து மற்ற சைகைக்குக் காத்திராமல் இதை மட்டும் அழுத்தியே டி செல்களைக் கிளப்பிவிட்டது. அதன் பிறகு நடந்த அத்தனையும் அந்த ஆறு பேரின் உடம்பு தானாகச் செய்தது. பரிசோதித்த குரங்குகளின் டி செல்களில் ஒரு முக்கியமான வகை மீது அந்தப் புரதமே இருப்பதில்லை, அதனால்தான் அவை தப்பித்தன என்பது பிற்பாடு தெரிந்தது. இப்போதெல்லாம் இப்படிப்பட்ட புதிய மருந்தை முதலில் ஒரே ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்த்த பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சம்பவத்தை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நோய் வந்து படுத்தால் நம்மை வாட்டுவது கிருமிதான் என்று நினைத்துக்கொள்கிறோம். எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்பதும் கூடவே வருகிற நம்பிக்கை. கிருமியே இல்லாமல், எதிர்ப்புச் சக்தி மட்டும் கட்டுமீறிப் போனால் ஆரோக்கியமான உடம்பு ஒரே நாளில் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதை 2006 தெளிவாகக் காட்டிவிட்டது.

சரி, அழற்சி என்பது எப்படி வேலை செய்கிறது? விரலில் முள் குத்திச் சீழ் வைத்த இடத்தைப் பாருங்கள். சிவந்திருக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். தோலுக்கடியில் காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணு, பாக்டீரியாவின் மேலுறையை உணர்ந்த உடனே டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 ஆகிய சைட்டோகைன்களைச் சுரக்கிறது. சைட்டோகைன் என்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ரசாயனத் தகவல். அது கிடைத்ததும் பக்கத்து ரத்த நாளங்கள் விரிகின்றன. சிவப்பும் சூடும் அதனால்தான். நாளச் சுவரின் செல்களுக்கு நடுவே சந்து திறக்கிறது, பிளாஸ்மா கசிகிறது, வீங்குகிறது. அந்தச் சந்து வழியாகவே நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நெருக்கியடித்து வெளியே வந்து கிருமியைத் தாக்குகின்றன. சுற்றியுள்ள மெல்லிய நாளங்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதால், கிருமி ரத்தத்தோடு கலந்து வேறு எங்கும் போக வழியில்லாமல் போகிறது.

விரலைப் பொறுத்தவரை இதில் எதுவுமே தப்பில்லை. நாளம் விரிவதும், கசிவதும், உறைவதும் அங்கே நம்மைக் காக்கிறது. இதே மூன்றும் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. எல்லா நாளங்களும் விரிந்தால் ரத்த அழுத்தம் நிற்காது. எல்லா இடத்திலும் பிளாஸ்மா கசிந்தால், கை கால் உப்பியிருக்கும்போதே நாளங்களுக்குள் ஓட ரத்தம் போதாது. நுரையீரலில் காற்றறைக்கும் ரத்தத்துக்கும் இடையே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. அங்கே கசிந்தால் காற்றறைக்குள் நீர் நிறைந்து, வென்டிலேட்டர் எவ்வளவு ஆக்சிஜன் தள்ளினாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேராது. எங்கும் நுண்ணிய ரத்தக் கட்டிகள் உருவாகும்போது தட்டணுக்களும் உறைதலுக்கு வேண்டிய புரதங்களும் தீர்ந்துபோகின்றன. அதனால் ஒரே நோயாளிக்கு விரல் நுனியில் ரத்தம் உறைந்து கறுத்துக்கொண்டிருக்கும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். ஐ.சி.யூ. மருத்துவர்களைத் திணறடிக்கும் நிலைகளில் இது ஒன்று.

1985-ல் புரூஸ் பாய்ட்லரும் அந்தோணி செராமியும் தங்கள் குழுவோடு எலிகளில் இதைச் சோதித்தார்கள். பாக்டீரியாவின் உறையிலிருந்து எடுத்த நச்சைக் கொடுத்தால் எலி இறந்துவிடும். அதற்கு முன்பே எலியின் டி.என்.எஃப்.ஐ முடக்கும் ஆன்டிபாடியைக் கொடுத்து வைத்தபோது பல எலிகள் பிழைத்தன. அப்படியானால் அந்த நச்சு எலியைக் கொன்றது எலியின் சொந்தச் சுரப்பு வழியாகத்தான்.

ஒருமுறை கிளம்பிய அழற்சி ஏன் தானாக நிற்காமல் வளர்கிறது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. எனக்கு இதில் மிகவும் ஆச்சரியமூட்டுவது மைட்டோகாண்ட்ரியா. நம் செல்களுக்குச் சக்தி தயாரித்துத் தரும் இந்த உறுப்பு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழிவந்தது. அதன் டி.என்.ஏ. இன்றைக்கும் பாக்டீரியாவின் சாயலில்தான் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. விபத்தில் நசுங்கியோ, தீயில் வெந்தோ, அழற்சியிலேயே சிதைந்தோ செல்கள் உடைந்தால், அந்த டி.என்.ஏ. ரத்தத்தில் கலக்கிறது. காவல் செல்களுக்கு அது படையெடுத்து வந்த பாக்டீரியாவாகவே தெரிகிறது. பெரிய விபத்தில் சிக்கியவர்களுக்கும், கணைய அழற்சி வந்தவர்களுக்கும் கிருமி இல்லாமலே நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம். அழற்சி செல்லை உடைக்கிறது, உடைந்த செல் மறுபடி அழற்சியைத் தூண்டுகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டால் கிருமி செத்த பிறகும் நோய் ஓயாது.

இவ்வளவு ஆபத்தான ஒன்றை உடம்பு ஏன் வைத்திருக்கிறது? வேகம் தேவைப்படுகிறது, அதனால்தான். சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். குறிப்பிட்ட கிருமிக்கென்றே ஆன்டிபாடியைத் தயாரிக்க உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தை ஆள் பார்க்காமல் அடிக்கும் முதல் தாக்குதல்தான் தாக்குப்பிடிக்க வைக்கிறது. சேதாரம் இல்லாமல் அது நடக்காது.

அதனால் உடம்பு பிரேக்குகளையும் கூடவே வைத்திருக்கிறது. கார்டிசால் ஹார்மோன் ஒன்று, அழற்சியை அடக்கும் சைட்டோகைனான இன்டர்லூகின்-10 இன்னொன்று. மூன்றாவது, டி செல்களிலேயே ஒரு பிரிவு. மற்ற டி செல்களை அடக்குவதுதான் அதன் வேலை. 1995-ல் ஷிமோன் சகாகுச்சி இந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களை அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பிறந்த சில வாரங்களிலேயே தோல் செதிலாகி, நிணநீர் முடிச்சுகள் வீங்கி இறந்துபோகும் ஒரு வகை ஆண் எலிகளை எடுத்துக்கொண்டு, குறையுள்ள மரபணு எது என்று தேடி, 2001-ல் அதைக் கண்டுபிடித்து ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். அதே மரபணு கெட்டுப்போன ஆண் குழந்தைகளுக்கும் பிறந்த சில மாதங்களிலேயே குடல், தோல், கணையம் என்று உறுப்பு உறுப்பாக அழற்சி தாக்குகிறது. கிருமியை எதிர்க்கும் செல்கள் அவர்களிடம் நிறையவே உண்டு. அடக்கும் செல்கள்தான் இல்லை. மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் கிடைத்தது.

அழற்சி கொல்கிறது என்றால் அழற்சியை அடக்கிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, மருத்துவமும் பல ஆண்டுகள் இங்கேதான் தடுமாறியது.

செப்சிஸை எடுத்துக்கொள்வோம். தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை தறிகெட்டுப் போய் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்வதைத்தான் 2016-ல் வகுத்த வரையறை செப்சிஸ் என்கிறது. 2017-ல் உலகம் முழுவதும் சுமார் 4.89 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. உலகில் நிகழும் மரணங்களில் ஐந்தில் ஒன்று. 1985-ன் எலிப் பரிசோதனைக்குப் பிறகு, டி.என்.எஃப்.ஐ முடக்கினால் இந்த நோயாளிகளைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை பலமாக இருந்தது. மனிதர்களிடம் பரிசோதனை மேல் பரிசோதனை நடந்தது, ஒன்றும் கைகொடுக்கவில்லை. உறைதலையும் அழற்சியையும் சேர்த்துக் குறைக்கும் புரதம் ஒன்று 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் இல்லை என்று பிந்தைய ஆய்வில் தெரிந்ததும் 2011-ல் அதைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

எலியிடம் பலித்தது மனிதனிடம் ஏன் பலிக்கவில்லை? எலிக்கு நச்சு கொடுப்பதற்கு முன்பே ஆன்டிபாடி கொடுத்திருந்தார்கள். மனிதன் மருத்துவமனைக்கு வந்து சேருவதோ, முதல் அலை அடித்து ஓய்ந்த பிறகு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வு, செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரலையும் நுரையீரலையும் இறந்த சிறிது நேரத்திலேயே எடுத்துப் பார்த்தது. எதிர்ப்பு செல்கள் களைத்துப்போயிருந்தன. தூண்டிவிட்டாலும் சைட்டோகைனைச் சரியாகச் சுரக்கவில்லை. ஒரே நோயாளிக்குள் ஒரு பக்கம் அழற்சி ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பக்கம் எதிர்ப்புச் சக்தி படுத்துவிட்டது. அவருக்கு மேலும் அடக்கும் மருந்தைக் கொடுத்தால் அடுத்த தொற்றுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும்.

ஆனால் நேரமும் குறியும் சரியாக அமைந்தால் பலன் மலைக்க வைக்கிறது. 2012-ல் பிலடெல்பியாவில், லுகேமியா முற்றிய ஆறு வயதுச் சிறுமி எமிலி வைட்ஹெட்டுக்கு, அவளுடைய டி செல்களையே எடுத்து, புற்றுநோயைத் தாக்கும்படி மாற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அந்தச் சிகிச்சையைப் பெற்ற முதல் குழந்தை அவள். செல்கள் புற்றுநோயைத் தாக்கத் தொடங்கியதும் காய்ச்சல் எகிறியது, ரத்த அழுத்தம் விழுந்தது, வென்டிலேட்டரில் வைத்தார்கள். பிழைப்பாள் என்ற நம்பிக்கையே போய்விட்டது. ரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூகின்-6 மிக மிக அதிகமாக இருந்தது. சிகிச்சையை உருவாக்கிய கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டு அழற்சி உண்டு. அதனால் அந்த நோய்க்கான டோசிலிசுமாப் என்ற மருந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. இன்டர்லூகின்-6-ன் சைகை செல்லுக்குப் போய்ச் சேராமல் அது தடுக்கும். கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. எமிலியின் புற்றுநோயும் போனது. 2017-ல் அந்த செல் சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது, கூடவே டோசிலிசுமாபுக்கும் இந்தப் பயன்பாட்டுக்கான அனுமதி கிடைத்தது.

எமிலியின் விஷயத்தில் ஒரு சாதகம் இருந்தது. எந்த சைட்டோகைன் மிஞ்சிப் போயிருக்கிறது, எப்போது கிளம்பியது, யார் கிளப்பிவிட்டது என்று எல்லாமே தெரியும். செப்சிஸ் நோயாளியிடம் இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை.

கொரோனா காலத்தில் இதே பாடம் பெரிய அளவில் கிடைத்தது. பிரிட்டனின் ரிகவரி ஆய்வு 2020 ஜூனில் டெக்சாமெதசோன் முடிவுகளை அறிவித்தது. அழற்சியை அடக்கும் பழைய, மலிவான ஸ்டீராய்டு அது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 28 நாளில் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள். டெக்சாமெதசோன் பெற்றவர்களில் அது 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கும் ஓரளவு பலன். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் எண்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன: மருந்து இல்லாமல் 14 சதவீதம், மருந்தோடு 17.8 சதவீதம். இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் எதுவும் தெரியவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. தொடக்க நாட்களில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும், அப்போது எதிர்ப்புச் சக்தி நமக்குத் தேவை. பின்னால் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் அழற்சி, அப்போது அதை அடக்க வேண்டும். மருந்து ஒன்றுதான், சில நாள் தள்ளிப் போனால் அதன் அர்த்தமே மாறிவிடுகிறது.

சில நோய்களில் இந்தக் கணக்கு நிமிட அளவுக்கு நுணுக்கமானது. நிமோகாக்கஸ் பாக்டீரியாவால் பெரியவர்களுக்கு வரும் மூளைக்காய்ச்சலில், முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ டெக்சாமெதசோன் கொடுப்பது வழக்கம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை உடைக்கும்போது அதன் சிதறல்கள் ஒரே வீச்சில் வெளியே கொட்டி, அழற்சியைக் கிளப்பிவிடும். மண்டை ஓட்டுக்குள் வீங்க இடம் கிடையாது. ஆகவே கிருமியைக் கொல்லும் மருந்துக்கு முன்பே அழற்சிக்கு அணை போட்டுவிடுகிறார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளிடம் இன்னொரு விதமாக இது தெரியும். கூட்டு மருந்து தொடங்கி எதிர்ப்புச் சக்தி திரும்பும் வாரங்களில், அதுவரை சத்தமில்லாமல் இருந்த காசநோய் திடீரெனக் காய்ச்சலும் நெறிக்கட்டுமாக வெடிக்கிறது. கிருமி முன்பே இருந்தது. அதை எதிர்க்க ஆள் வந்த பிறகுதான் நோயாளிக்கு அது தெரிகிறது.

ஒவ்வாமை அதிர்ச்சி இதில் தனி ரகம். இங்கே கிருமியும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. குளவி கொட்டியோ, ஒவ்வாத உணவோ மருந்தோ உள்ளே போயோ, எதிர்ப்பு மண்டலத்தின் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடுகின்றன. சில நிமிடங்களில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்துவது உயிரைப் பறிக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் நடப்பவை. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கனலும் அழற்சியும் உண்டு. ரத்த நாளச் சுவரில் கொழுப்பு படிவதும், படிந்தது வெடித்து மாரடைப்பு வருவதும் கொழுப்பால் மட்டும் நடப்பதில்லை, அங்கே கூடும் மேக்ரோஃபேஜ்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மாரடைப்பு வந்து மீண்ட, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு கூடியிருந்த 10,061 பேர். கொலஸ்ட்ராலைத் தொடாமல், இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் முடக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். 150 மில்லிகிராம் பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் இவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களிடையே தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். மொத்த மரணங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இந்தத் துறையில் ஒற்றை முடிவைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். ஒரு கை கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது.

அதனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டித் தருகிறோம் என்று விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்தச் சக்தியை, எந்த இடத்தில், எத்தனை நாளைக்குக் கூட்டுவது? அவை நிஜமாகவே கூட்டித் தொலைத்தால் அதைவிட விபரீதம் வேறில்லை. தடுப்பூசி செய்வது வேறு வேலை. அது ஒரு குறிப்பிட்ட கிருமியை நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது, அதனால் உடம்பு அளவாக, சீக்கிரமாக அடித்து முடித்துவிடுகிறது. மறுபக்கம், காய்ச்சல் தொடங்கியதுமே பழைய சீட்டை வைத்துக்கொண்டு ஸ்டீராய்டு வாங்கிப் போடுகிற பழக்கமும் அதே அளவுக்கு ஆபத்தானது. முதல் சில நாள் உடம்பு தேறியதுபோலத் தோன்றும். உள்ளே கிருமி பெருகுவதற்கு வழி விட்டிருப்போம், சர்க்கரை ஏறியிருக்கும், பூஞ்சைத் தொற்றுக்கும் இடம் கொடுத்திருப்போம். வேறு நோய்க்காக மருத்துவர் சொல்லி நெடுநாளாக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு சொந்தமாக கார்டிசால் சுரப்பதை மறந்திருக்கும். மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது தெர்மாமீட்டரை மட்டுமல்ல. டெங்குவில் நாளங்கள் கசியும் அபாயக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கிற நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போதல் என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. செப்சிஸும் அப்படித்தான். நிமோனியாவோ, சிறுநீர்த் தொற்றோ, ஆறாத புண்ணோ இருக்கிற ஒருவர் வேகவேகமாக மூச்சு வாங்கினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எழுப்பினால் எழாமல் கிடந்தால், வெகுநேரம் சிறுநீரே போகாமல் இருந்தால், தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வயதானவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் காய்ச்சல் வராமல், உடம்பு குளிர்ந்துகூடப் போகலாம். அங்கே போனதும் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள், இது செப்சிஸாக இருக்குமா என்று.